சுளுக்குத்தான் என்று சொன்னவள்

எனக்கு இரட்டைப் பெண்கள். இரண்டு பேரும் இப்போது தாணேயில் ஆளுக்கொரு ஆபீசில் வேலை பார்க்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்தைக் காட்டினால் தலையைச் சொறிவார்கள். அவர்களைப் பற்றி இங்கே வேறொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அவர்கள் ஒரே பிரசவத்தில் பிறந்ததால் எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது. இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவி விட்டால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. திருநெல்வேலியிலிருந்து பெட்டி படுக்கையோடு அதையும் தாராவிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலை நிற்பதற்குள் கழுத்துப் பிடித்தவர்கள், இடுப்புப் பிடித்தவர்கள், படியில் கால் மடங்கியவர்கள் என்று என் வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. சயானில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே கவுண்டரில் எனக்கு வேலை. படம் எடுப்பது நானில்லை. வருகிறவர்களின் பெயரை உறையில் எழுதி, படத்தை உள்ளே போட்டு, டாக்டர் மேஜைக்கு அனுப்புவேன். வெறும் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்தவர்கள் மாவுக்கட்டோடு வெளியே போவதை வாரத்துக்கு நாலு தடவையாவது பார்ப்பேன். ஆனாலும் என் வாசலில் வந்து நின்ற யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. கவுண்டரில் என் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வீட்டில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயோடு உட்கார்ந்தால், நாலு பேர் வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்ப்பார்கள். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒளிப்பானேன்.

அடுத்தது ஃபுட்பால். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் எங்கள் ஏரியா டீமில் பின்வரிசையில் நின்று ஆடியவர். முழங்கால் போனதும் விட்டுவிட்டார். இப்போது அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை. நான் விடவில்லை. பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் இவளுக்கு மைதானத்தில் என்ன வேலை என்று கோயிலில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். கோயிலில் வாய் திறந்து கத்த முடியாது, மைதானத்தில் கத்தலாம்.

மாட்டுங்கா பக்கத்து மைதானத்தின் சுவரோரம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எப்போதும் நிற்போம். எங்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு பாய். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார், டீமுக்கு ஜெர்சி வாங்கித் தருவார், பதிலுக்கு எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். நல்ல மனுஷன்தான். நாங்கள் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான்.

சீசன் மழை விட்ட பிறகுதான் தொடங்கும். பிராக்டிஸ் ஜூலையிலேயே, சேற்றிலும் சகதியிலும் தொடங்கிவிடும். எங்களுக்குக் கவலையெல்லாம் அந்த நாட்களில்தான். அதற்கு முந்தின வருஷம் புதிதாக எடுத்த இரண்டு பையன்களும் முதல் மேட்சுக்கு முன்பே அடிபட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டீம் கடைசிக்கு ஒரு படி மேலே வந்து நின்றது. அதனால் அந்த வருஷம் புதிதாக வந்த மூன்று பேரையும், கல்யாணமாகி வந்த மருமகள் வாந்தி எடுக்கிறாளா என்று தெருவே பார்க்குமே, அப்படிப் பார்த்தோம். தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ரிப்போர்ட் வரும். கோல்கீப்பர் விரலில் டேப் சுற்றியிருக்கிறான். நடுவில் ஆடுகிறவன் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். யாருக்காவது சளி பிடித்தால்கூடப் பாய் கஷாயம் கொடுத்தனுப்புவார். அதையெல்லாம் பாசம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேரில் ஒருவன் அம்பர்நாத்திலிருந்து வந்தான். இடது காலால் ஆடுகிறவன். விடியற்காலை லோக்கல் டிரெயின் பிடித்து, ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் நிற்பான். அப்பாவை ஃபேக்டரியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அம்மா இன்னொரு ஃபேக்டரியில் பேக்கிங். எங்கள் பக்கத்து ஆட்கள்தான், அவனுடைய தமிழைக் கேட்டாலே தெரிந்துவிடும். முதல் நாள் என்னை ஆன்டி என்றான். அத்தை என்று கூப்பிடு என்றேன், அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். செப்டம்பரில் ஒரு அரசு கம்பெனியில் விளையாட்டுக் கோட்டாவில் ஆள் எடுக்கிறார்கள், அதற்கு எங்கள் லீக் டீமின் லிஸ்டில் பெயர் இருக்க வேண்டும் என்று அவனே என்னிடம் சொன்னான். வேலை கிடைத்தால் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிடுவானாம். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது.

ஜூலை மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. கோல் முன்னால் இருந்த பள்ளத்தில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. பந்துக்காகக் குதித்தவன் அதற்குள் இறங்கினான், இடது கால் உள்பக்கமாக மடங்கியது. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கோச் அப்போது தூரத்தில் ஷெட்டுக்குள் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் நாங்கள் சுவரோரத்திலிருந்து ஓடி அவனைச் சுற்றி நின்றுகொண்டோம்.

"கோச் பாத்தான்னா லிஸ்ட்லேருந்து தூக்கிருவான்" என்றார் பாய். "புதன்கிழம லிஸ்ட் குடுக்காவ. அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது. மொதல்ல இவன வெளிய கொண்டு போங்கலே."

பையனுக்கும் அதே பயம்தான். "கோச்கிட்ட சொல்லிராதிய" என்று அவனும் கெஞ்சினான். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும்.

வயிற்று வலி என்று கோச்சுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, டாக்ஸியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஒரு இடத்தில் விரல் பட்டதும் உடம்பே தூக்கிப் போட்டது அவனுக்கு. அந்த மாதிரிக் கால்களை நான் கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். தொட்ட மாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

அவனே கேட்டான். "எக்ஸ்ரே எடுக்கணுமா அத்தை?"

வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர். பாய் நாற்காலியில், மற்றவர்கள் சுவரில் சாய்ந்தபடி. எல்லாருடைய கண்ணும் என் கைமேல். படம் எடுத்தால் விரிசல் படத்தில் விழுந்துவிடும், விழுந்தால் லிஸ்ட் போச்சு, லிஸ்ட் போனால் சீசன் போச்சு.

"இதுக்கெல்லாம் எதுக்குலே எக்ஸ்ரே. சுளுக்குத்தான்" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதான். நீங்க அங்கனதான வேல பாக்கிய" என்றான்.

எண்ணெயைச் சூடு பண்ணி உருவினேன். வாயில் துண்டைக் கொடுத்திருந்தோம், கடித்துக்கொண்டான். "பொறுத்துக்கோ மக்கா" என்று சொல்லிச் சொல்லி உருவினேன். அன்றும், ஞாயிறும், திங்களும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து அதே கையால் உருவினேன். அம்மா கேட்டால் பிராக்டிஸ் என்று சொல்லச் சொல்லி, அவனை எங்கள் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை இறுக்கிக் கட்டி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினோம். கோச் முன்னால் மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடிக் காட்டினான். புதன்கிழமை லிஸ்டில் பெயர் ஏறியது. குரூப்பில் எனக்குக் கும்பிடு போட்டு எத்தனையோ பொம்மைகள் அனுப்பினார்கள். ஒருவர் என் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும் என்று எழுதினார். நான் அதைப் படித்துச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை செம்பூர் டீமோடு பிராக்டிஸ் மேட்ச். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவன் பக்கத்தில் ஒருவரும் இல்லை, பந்தோடு திரும்பினான், அவ்வளவுதான். அவன் கத்தியது ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கே கேட்டிருக்கும்.

இந்த முறை எக்ஸ்ரேவுக்கு யாரும் யோசிக்கவில்லை. என்னுடைய கவுண்டருக்கே கொண்டுவந்தார்கள். உறையில் அவன் பெயரை எழுதியது நான்தான். பழைய விரிசல் ஒன்று இருந்திருக்கிறது, அதைத் தேய்த்து, அதன் மேல் ஓடி, இப்போது எலும்பு விலகிப் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். முதலிலேயே கட்டுப் போட்டிருந்தால் ஆறு வாரத்தில் எழுந்து நடந்திருப்பானாம். இதை யார் தேய்த்தது என்று இந்தியில் கேட்டார். நான் ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. அவன்தான் கூரையைப் பார்த்தபடியே, நானேதான் சார், வேறு யாருமில்லை என்றான்.

பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். செப்டம்பர் வந்தது, போனது.

ஆபரேஷனுக்கு அவன் அம்மா அம்பர்நாத்திலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தாள். என்னைவிடச் சின்னவள், ஆனால் பார்த்தால் மூத்தவள் மாதிரி இருந்தாள். என் கையில் ஒரு டப்பா எள்ளு முறுக்கைக் கொடுத்தாள். "மூணு நாளும் பெத்த பிள்ளையப் பாக்க மாதிரி பாத்தியளாமே. காலத் தேச்சு விட்டியளாம். சொல்லிச் சொல்லி அழுதாம்க்கா" என்றாள். அவன் டாக்டரிடம் மறைத்ததை அம்மாவிடம் சொல்லியிருக்கிறான், அதையும் என் நல்ல பெயராக மாற்றி. அந்தத் தாயிடம் அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். முறுக்கை வாங்கிக்கொண்டேன்.

குரூப்பில் அவன் விழுந்த அன்று சாயங்காலமே பேச்சு தொடங்கிவிட்டது. பாவம் பையன் என்று இரண்டு பேர் எழுதினார்கள். மூன்றாவது ஆள், லெஃப்ட் சைடில் இனி யார் என்று கேட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் அதைப் பற்றித்தான் எழுதினார்கள். ஒரு வாரத்தில் தாணேயிலிருந்து வேறொரு பையன் கிடைத்தான். உடனே அவனுடைய முழங்காலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். எனக்கு அன்றுதான் உறைத்தது. நாங்கள் கவலைப்பட்டதெல்லாம் கால்களுக்காக, அந்தக் கால்களில் நின்ற பையன்களுக்காக இல்லை. பாய் மட்டும் ஒரு நாள் வந்து, "ஒன் கையில ஒரு தப்பும் இல்ல தங்கச்சி, அவன் நசீபு, தலையெழுத்து" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கையில் தப்பில்லை என்பது எனக்கும் தெரியும். வாயில்தான் தப்பு.

அதோடு எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடுவதில்லை. மைதானத்துக்கு மட்டும் போகிறேன். ஏன் என்று என் வீட்டுக்காரர் கேட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இது நடந்து மூன்று வருஷம். இந்த ஜூலையில் மறுபடியும் ஒரு புதுப் பையனைக் கைத்தாங்கலாக என் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மறுபடியும் கணுக்கால், மறுபடியும் இரண்டு நாளில் லிஸ்ட். நேராக எக்ஸ்ரேவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன் என்றேன். கூட வந்தவர்களின் முகம் தொங்கிப்போனது. "அப்ப ரெட்டப் பிள்ள பெத்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவன் என் காதில் விழும்படியே சொன்னான். செம்பூரில் ஒரு பெண்ணுக்கு இரட்டைப் பையன்கள் பிறந்திருக்கிறார்களாம். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் கவுண்டரில் இருக்கும்போது போனில் மெசேஜ் வந்தது. அம்பர்நாத் பையன். இப்போது அவனும் அம்மா வேலை பார்க்கிற ஃபேக்டரியில் பேக்கிங்தான், எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. மழை பெய்தால் கால் வலிக்கிறது என்று அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு மெசேஜ் அனுப்புவான், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து. புதுப் பசங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா அத்தை, யாருக்கும் அடி இல்லையே. எங்களை மாதிரி அவனும் இப்போது வெளியே நின்று கவலைப்படுகிறவன்.

எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் போன இரண்டு வருஷமும் எழுதினேன். இந்த முறை எழுதி, அழித்து, கடைசியில் இருந்ததை இருந்தபடி அனுப்பினேன். ஒருவனுக்குக் கணுக்கால், செம்பூருக்கு உருவக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

உடனே பதில் வந்தது. "அவனுக்கு மொதல்ல எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க அத்தை."

அங்கேயே பாய்க்குப் போன் போட்டு, அவன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அம்பர்நாத் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பிறகு, "நாளைக்குத்தான லிஸ்ட் குடுக்காவ. அது முடியட்டும் தங்கச்சி, பாப்போம்" என்றார்.

கவுண்டரில் ஆள் வந்து நின்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உறையை எடுத்துப் பெயர் கேட்டேன். மூன்று வருஷத்தில் அவன் அந்தக் காலைப் பற்றி என்னிடம் பேசியது அந்த ஒரு வரிதான்.