எனெலெஸின் மூன்றடியும் என் மாவு மில்லும்

நமசோகோ ஊரில் எஞ்சின் என்றால் அது என் எஞ்சின்தான். இரண்டாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டுப் பதினேழு வருஷம் தேயிலை பறித்தேன். பிறகு யாரோ தூக்கிப் போட்ட எஞ்சின் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு நட்டையும் என் கையால் முறுக்கி மாவு மில் போட்டேன். அதன் சத்தம் மூன்று ஊருக்குக் கேட்கும். "ஜைலோசி மில்லு ஓடுது, சோளத்த எடுடி" என்று முலாஞ்சே மலையடிவாரத்துப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். பள்ளிக்கூடக் கமிட்டிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது படித்தவர்கள் நாலு பேர் போட்டிக்கு நின்றார்கள். ஊர் எனக்குத்தான் கை தூக்கியது.

எனெலெஸைப் பற்றிப் பள்ளி மலருக்கு யார் எழுதுவது என்று தலைமையாசிரியர் கேட்டார். என்னை விட்டால் யார்? அவளுடைய வகுப்பை மூடப் பார்த்தவனே நான்தானே.

எனெலெஸ் ஆறடிப் பெண். காலையில் பள்ளி வாசலில் உட்கார்ந்து மண்டாசி பொரித்து விற்பாள். அந்த மாவு உருண்டையைச் சூடாக நாலு தின்றால் எனக்கு மதியம்வரை பசிக்காது. இளம் வயதில் மாவட்ட நெட்பால் அணியில் தடுப்பாட்டக்காரியாக இருந்தவள். முழங்கால் பிசகியதும் ஆட்டம் போயிற்று. விசில் மட்டும் கழுத்தோடு நின்றுவிட்டது. பிளான்டயர் பட்டணத்தில் பெண்கள் சங்கம் ஒன்றில் மூன்று மாதம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து, "வியாழக்கிழமை சாயங்காலம் பொண்ணுங்கள எங்கிட்ட விடுங்க, தங்களக் காத்துக்கறது எப்படின்னு சொல்லித் தர்றேன்" என்று கமிட்டியைக் கேட்டாள். ஆளுக்கும் குரலுக்கும் சம்பந்தமே கிடையாது. கோழிக்குஞ்சு மாதிரி பேசுவாள். இந்தக் குரல் என்னத்தைச் சொல்லித் தரப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் சரி என்றேன்.

முதல் வகுப்பைப் பார்க்கப் போனேன். தலைவர் போகாமல் ஆரம்பிக்கலாமா? அவள் என்னையே கெட்டவனாக நிற்க வைத்தாள்.

"அண்ணன் உங்க கையப் புடிக்க வர்றாரு. 'வேண்டாம்'னு கத்துங்க பாப்போம்."

முதலில் வந்தவள் ஃபைனெஸ். பன்னிரண்டு வயது. என் முன்னால் வந்து இரண்டு முழங்காலையும் மடித்து மண்டியிட்டாள். உள்ளங்கைகளை மெல்லத் தட்டி வணக்கம் சொன்னாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வேண்டாங்கய்யா... தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட மண்டியிட்டுக் கொடுக்கிற பிள்ளைகள், கத்து என்றால் எப்படிக் கத்தும்?

"எனெலெஸ், திருடன் வந்தா இதுங்க நாற்காலி போட்டு உக்கார வைக்கும்!"

"வைக்கட்டும்ண்ணே. நாற்காலிய மூணடி தள்ளிப் போடச் சொல்லித் தர்றேன்."

அந்த மூன்றடிதான் அவளுடைய பாடத்துக்கு அஸ்திவாரம். நெட்பாலில் பந்து வைத்திருப்பவளை விட்டு மூன்றடி தள்ளித்தான் நிற்க வேண்டும், மீறினால் விசில். எங்கள் ஊர்ப் பெண் குழந்தைகளுக்கு இது ஏழு வயதிலேயே தெரியும். "இனிமே பந்து உங்க கைல. உங்களுக்குப் புடிக்காதவன் மூணடிக்குள்ள வந்தா அவன் பண்றதுதான் தப்பாட்டம்" என்றாள். அடிப்பதும் உதைப்பதும் எப்போது வரும் என்று ஒருத்தி கேட்டாள். "அது கடைசிப் பாடம்டி. அதுக்கு முன்னாடி ஒம்போது பாடம் இருக்கு. எந்த வழியாப் போறோம், யாரு கூடப் போறோம், யாருகிட்ட சொல்லிட்டுப் போறோம், இதெல்லாம் ஒழுங்காத் தெரிஞ்சவளுக்கு ஒதைச்சுக் கால் வலிக்காது."

ஒன்பதாவது வாரம் மைதானத்தில் தவிட்டால் ஊரையே வரைந்திருந்தாள். ஆறு, குழாயடி, சர்ச், மாந்தோப்பு, என் மில், எல்லாம் இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் அஞ்சு கல்லை வாய் பேசாமல் வைத்துவிட்டுப் போனாள். நான் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆற்றில் ரெண்டு கல், மாந்தோப்பில் நாலு. என் மில் மேல் மட்டும் குன்று மாதிரி குவிந்து கிடந்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தியா எனெலெஸ், எம் மில்லு மேல புள்ளைங்களுக்கு எம்புட்டு மரியாதை!"

"மரியாதைக்கு வச்ச கல்லு இல்லண்ணே. எந்த எடத்துல பயமா இருக்கோ அங்க வைக்கச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் சைக்கிள் கீழே விழுந்தது. என் சோற்றைத் தின்று வளர்ந்த ஊர், என் மில்லைப் பார்த்தா பயப்படுகிறது?

"திங்கக்கெழமை கமிட்டி கூடுது. ஒன் வகுப்புக்கு அன்னைக்கே பூட்டு!"

"நான் மண்டாசி சுட்டுப் பொழச்சுக்குவேண்ணே. இந்தப் புள்ளைங்களுக்கு இத விட்டா வாயத் தொறக்க வேற எடமில்ல." குரல் அப்போதும் கோழிக்குஞ்சுதான். ஆனால் நகரவில்லை. "ஒரே ஒரு சோதனை வைங்க. சனிக்கெழமை மில்லு ஓடறப்ப நீங்க முன்வாசல்ல நில்லுங்க. ஃபைனெஸ் பின்பக்கம் நின்னு கத்துவா. ஒங்க காதுல விழுந்துட்டா, பூட்ட நானே வாங்கித் தர்றேன்."

என் காதைப் பற்றி அவளுக்குத் தெரியாது. வீட்டில் படுத்தபடியே எந்த நட்டு லூஸ் என்று சொல்லுகிற காது இது. சரி என்றேன்.

சனிக்கிழமை முன்வாசலில் கால் அகட்டி நின்றேன். எஞ்சின் கம்பீரமாக ஓடியது. நின்றேன், நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. எனெலெஸின் காதருகே போய், "எப்பத்தான் ஆரம்பிப்பா?" என்று கத்தினேன்.

அவள் விரலை நீட்டினாள். ஃபைனெஸும் இன்னும் பதினொரு பெண்களும் மில்லைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"முடிஞ்சிருச்சுங்கய்யா. பன்னெண்டு பேரும் சேந்து மூணு தடவ கத்துனோம்."

அப்போது ஃபைனெஸ் மண்டியிடாமல் நின்றபடியே சொன்னாள். "உங்க அக்கா மவன் லுக்காசி, பொண்ணுங்க சோளம்னா 'ஈரமா இருக்கு, கடைசியில அரைக்கறேன்'னு பின்பக்கம் நிக்க வைக்கிறாரு. அப்புறம் கையப் புடிச்சு இழுக்கறாரு. நாங்க முன்னயே கத்துனோம்யா. எஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

உள்ளே சோளம் அரைபட்டுக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தினேன். முப்பது வருஷத்தில் அப்படி நிறுத்தியது அன்று ஒரு நாள்தான்.

"சும்மா வெளையாட்டுக்கு மாமா!" என்றான் லுக்காசி.

"வெளையாட்டுன்னா ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரணும்" என்றாள் எனெலெஸ். "இவங்கள்ல சிரிச்சவ யாருன்னு காட்டு."

எங்கள் பக்கம் அக்காள் மகன்தான் வாரிசு. மில் அவனுக்குத்தான் போக வேண்டியது. நான் சாவியை வாங்கிக்கொண்டு, அவனைக் கிராமத் தலைவர் முன்னாலும் அந்தப் பெண்களின் தாய்மார் முன்னாலும் நிறுத்தினேன். தலைவர் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். அக்காள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள், மாவு அரைக்க வந்தாக வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை. பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தேன். ஆள் உயரப் புல்லை வெட்டினேன். பழைய லாரிக் குழாயை மண்ணுக்குள் புதைத்து எஞ்சினுக்குச் சைலன்சர் செய்தேன், எந்த மெக்கானிக்கையும் கேட்காமல். பெண் பிள்ளைகள் இருவர் இருவராக வருவார்கள், அவர்கள் சோளம்தான் முதலில் அரைபடும். இப்போது சத்தம் ஒரு ஊருக்குத்தான் கேட்கிறது. இந்த மாவட்டத்திலேயே அமைதியான மில் என்னுடையதுதான், வேறொன்று இருந்தால் காட்டட்டும்.

திங்கட்கிழமை கமிட்டியில் சர்ச் மூப்பர் சபேட்டா முணுமுணுத்தார். "இந்த வகுப்பு நடந்தா நம்ம பொண்ணுங்க மண்டி போடறதையே மறந்துடும்."

"மறக்க வேண்டாங்கய்யா" என்றாள் எனெலெஸ். "ஃபைனெஸ், வாம்மா. கடைசிப் பாடம்."

கெட்டவன் நான்தான். முதுகில் மெத்தை கட்டினார்கள். ஃபைனெஸ் அழகாக மண்டியிட்டாள், உள்ளங்கையைத் தட்டினாள். சபேட்டா திருப்தியாகத் தலையாட்டினார். நான் மூன்றடிக்குள் கால் வைத்துக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்!"

மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்திலேயே நான் பாதி ஆடிப்போனேன். மண்டியிட்ட இடத்திலிருந்தே என் இரண்டு குதிகாலையும் பிடித்து இழுத்துத் தோளால் முழங்காலில் ஒரு தள்ளு. தொண்ணூறு கிலோ ஜைலோசி கவிழ்ந்த ஆமை மாதிரி மல்லாக்கக் கிடந்தான். அவள் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. சொல்லிக் கொடுத்தபடி, கூட்டத்தில் இருந்த அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

கூட்டத்துக்கு வந்திருந்த கிராமத் தலைவர் கண்ணீர் வரச் சிரித்தார். "ஜைலோசி, எந்திரிய்யா, ஓட்டு எடுக்கணும்! வகுப்பு நடக்கணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!"

மெத்தையோடு சட்டென்று எழ முடியவில்லை. படுத்தபடியே கை தூக்கினேன். முதல் ஓட்டு என்னுடையதுதான், அதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். சபேட்டாவின் கை கடைசியாக உயர்ந்தது.

ஃபைனெஸ் திரும்பி வந்து மண்டியிட்டு, "அடி பட்டிருச்சாங்கய்யா?" என்றாள். அளந்து பார்த்தேன். சரியாக மூன்றடி தள்ளி இருந்தாள்.