ஆமாம் பட்டியலில் ஒரு சொல்

ஷவ்கி அப்துத்தவ்வாப் எஞ்சினியர் இல்லை. ஆனால் அலெக்சாந்திரியாவில் ஸ்க்ரூடிரைவரை நேராகப் பிடிக்கத் தெரிந்த எவனும் எஞ்சினியர்தான் என்பதால், தரை ஓடு விற்கும் அந்தக் கம்பெனியில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். படித்தது வணிகத்தில் டிப்ளமா. சேர்ந்தது ஃபேக்ஸ் மெஷினுக்குத் தாள் போட. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, அவர் தலையில் விழுந்தது. லேப்டாப் வந்தது, அதுவும். கைபேசிகள் வந்தன. கடைசியில் கம்பெனியின் தாள்கள் மொத்தமும் க்ளவுட் என்கிற மேகத்தில் ஏறின. நாலு தூறல் போட்டால் டிராம் தடம் மூழ்குகிற ஊரில் மேகத்தை நம்பச் சொல்கிறார்களே என்று முனகிக்கொண்டே அதையும் கற்றுக்கொண்டார்.

வயது ஐம்பத்திரண்டு. சர்வீஸ் இருபத்தாறு வருடம். அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இருநூறு பேரின் லேப்டாப்பும் கைபேசியும் அவர் பொறுப்பு. புதிதாகச் சேர்பவருக்குத் திறந்து கொடுப்பார், விட்டுப் போனவருக்கு மூடுவார். பணியாளர் பிரிவின் இப்திஹால் மேடம் வாரம் தவறாமல் தன் கடவுச்சொல்லை மறப்பார். அதற்காக ஒருநாளும் இவர் முகம் சுளித்ததில்லை. வியாழக்கிழமை தோறும், வாரம் முடிவதற்குள், எல்லாருடைய படங்களையும் தாள்களையும் ஒரு கறுப்புப் பெட்டியில் நகல் எடுத்து மேசைக்கடியில் தள்ளி வைப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ததற்கு யாரும் நன்றி சொன்னதுமில்லை. மின்விசிறிக்கு யார் நன்றி சொல்கிறார்கள்?

இப்படி இருக்கையில் டைரக்டர் ரிஃபாத் ஷல்லபி துபாய்க் கண்காட்சிக்குப் போய்த் திரும்பினார். போகும்போது சும்மா போனவர், வரும்போது ஞானத்தோடு வந்தார். ஆளே வேண்டாமாம், எல்லாக் கைபேசிகளையும் லேப்டாப்களையும் மேகத்தையும் தானே மேய்த்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு கிடைத்திருக்கிறதாம். தானே திறக்கும், தானே பூட்டும், தானே துடைக்கும். ஏதாவது செய்யும் முன் ஆளிடம் அரபியிலேயே கேட்கும், பதிலைப் படித்து அதன்படி நடக்கும். அதற்கு ஆங்கிலத்தில் வாய் வலிக்க ஒரு பெயர் இருந்தது. ஊழியர்கள் வாட்ச்மேன் என்று வைத்துவிட்டார்கள்.

ஷவ்கி மேலே போய், அப்படியானால் தன் வேலை இருக்குமா என்று நேராகவே கேட்டார்.

டைரக்டர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்ஷா அல்லாஹ், ஷவ்கி" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி நாஹிதிடம் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மூஞ்சியப் பாத்துச் சொன்னாரா, போனப் பாத்துச் சொன்னாரா?"

"போனப் பாத்து."

நாஹித் நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தாள்.

அந்தச் சொல்லில் ஒரு குற்றமும் கிடையாது. இறைவன் நாடினால் நடக்கும் என்பதைவிட உண்மையான பேச்சு உலகத்தில் வேறு இல்லை. மனிதர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசுகிறவர்கள், தங்கள் மழுப்பலையெல்லாம் தூக்கிக் கடவுள் தலையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். குழாய் ரிப்பேர்காரன் நாளைக்கு இன்ஷா அல்லாஹ் என்றால் இந்த ஊரில் எவரும் ஒழுகலுக்கு அடியில் வைத்த வாளியை எடுக்கமாட்டார்கள்.

வாட்ச்மேனைக் கொண்டுவந்து நிறுத்தியவன் ஜாத் என்ற பெய்ரூத்காரன். சட்டை மடிப்பு கலையாதவன். பதில்களை யந்திரம் எப்படிப் புரிந்துகொள்ளும் என்று காட்ட, திரையில் இரண்டு பட்டியல் போட்டான். ஒன்றில் இல்லை என்று பொருள்படும் சொற்கள், மற்றதில் ஆமாம் என்று பொருள்படுபவை. தலைமை அலுவலகத்தில் யாரோ அகராதி பார்த்துத் தொகுத்ததாம். ஆமாம் பட்டியலில் ஐந்தாவதாக இன்ஷா அல்லாஹ் இருந்தது.

ஷவ்கி கையைத் தூக்கினார். இந்தச் சொல்லை அங்கிருந்து எடுத்துவிடுவது நல்லது, எங்கள் ஆபீசில் அதற்குப் பொருள் வேறு என்றார். இப்திஹால் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். ஜாத் புரிந்தவனைப் போலச் சிரித்தான். அவன் ஊரிலும் குழாய் ரிப்பேர்காரர்கள் உண்டே. எடுத்துவிடட்டுமா என்று டைரக்டரைக் கேட்டான்.

டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியூர் விருந்தாளி முன்னால் கம்பெனி மானம் போகலாமா?

"நாங்க வாக்குக் குடுத்தா குடுத்ததுதான். இன்ஷா அல்லாஹ்ன்னா ஆமாம்தான். இவருக்குத் தன் நாற்காலி போயிடுமோன்னு பயம், அதான் குறுக்க கட்டையப் போடறாரு."

அறை சிரித்தது. ஷவ்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் என்றது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு வலித்தது. அந்தச் சொல் பட்டியலிலேயே இருந்தது.

அடுத்த வாரம் வாட்ச்மேன் பொறுப்பேற்றது. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து என்பார்களே, அந்த வரிசையில் போயிற்று. முதலில் குமாஸ்தாக்களிடம் லேப்டாப்பைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டது. பிறகு அதிகாரிகளிடம் எதை எதையோ கேட்டது. வியாழனன்று எல்லோரிடமும் ஒரே கேள்வி: "உங்கள் கைபேசியில் சொந்தப் படங்களும் கம்பெனித் தாள்களும் கலந்து கிடக்கின்றன. முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?"

வேண்டாம் என்று எவரும் எழுதவில்லை. யந்திரமானாலும் கேட்டதை மறுப்பது மரியாதையா? நூற்றைம்பத்தொரு பேர் இன்ஷா அல்லாஹ் என்று தட்டிவிட்டு, ஈரல் சாண்ட்விச் வாங்கிக்கொண்டு விடுமுறைக்குப் போனார்கள்.

ஞாயிறு காலை, வாரத்தின் முதல் நாள், கட்டடம் சாவு வீடாக இருந்தது. இப்திஹால் மேடம் வெற்றுக் கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பேரன் முதல்முதலாக நடந்த படம் போயிற்றே என்று கண் கலங்கினார். விற்பனையாளர்களிடம் ஒரு வாடிக்கையாளர் நம்பர் இல்லை. டைரக்டரிடம் மகளின் கல்யாணப் படங்களும் இல்லை, பெங்காசி வியாபாரியோடு போட்ட ஒப்பந்தமும் இல்லை. மேகத்துக்குள் போகப் பார்த்தார். அவர் யாரென்றே தெரியாது என்றது வாட்ச்மேன்.

ஜாத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். மறுமுனை மிகவும் பணிவாக, ஐயாவுக்குப் பதில் பாஷா போட்டுப் பேசியது.

"யந்திரம் கேட்டுட்டுத்தான் செஞ்சிருக்கு பாஷா. ஆமாம்னு அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க." மேற்கொண்டு ஏதாவது செய்ய வேண்டுமானால் முழுச் சாவி உள்ளவரால்தான் முடியும், இப்போது அப்படி ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றும் சொன்னான்.

கீழே ஷவ்கி, யார் யாரிடம் அந்தச் சாவி இருக்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தேதியோடு தன் பெயர் அடிக்கப்பட்டிருக்கும் என்றுதான் திறந்தார். இரண்டு வரி இருந்தது. வாட்ச்மேன் கேட்டது: "ஷவ்கி அப்துத்தவ்வாப் பணியில் தொடர்கிறாரா?" டைரக்டர் பதில்: "இன்ஷா அல்லாஹ்." அதன் கீழே யந்திரம் எழுதியிருந்தது: தொடர்கிறார். முடிவுத் தேதி இல்லை. ஒப்புதல் அளித்தவர் ரிஃபாத் ஷல்லபி.

மூன்று தடவை படித்தார். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கம்பெனியில் அவருக்குச் சொல்லப்பட்ட வாக்கை வாக்காக எடுத்துக்கொண்டது அந்த இரும்பு மூளை ஒன்றுதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மேசைக்கடியில் காலை நீட்டினார். கறுப்புப் பெட்டி இருந்தது. வியாழக்கிழமை நகல், வழக்கம்போல.

படியில் செருமல் கேட்டது. டைரக்டர் அடித்தளத்துக்கு இறங்கி வருவது இதுதான் முதல் தடவை. கதவுக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரியாமல் நெற்றியில் இடித்துக்கொண்டார்.

"ஷவ்கி, எஞ்சினியர், கண்ணு... எல்லாம் திரும்பக் கிடைச்சிடுமா?"

ஷவ்கி தன் கைபேசியை எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இன்ஷா அல்லாஹ், பாஷா."

ரிஃபாத் ஷல்லபியும் அலெக்சாந்திரியாவில் பிறந்து வளர்ந்தவர்தான். அந்த அறையில் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தார்.