ஒற்றைக்கண்ணால் வைத்த யன்னல்

எங்கள் நீர்வேலி வீட்டுக்கு யன்னல் வைத்த மேசனாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு விசர் பிடிக்கும். ஒல்லியான மனிதர். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துவாய். சுவரின் நேர் பார்க்கிற தூக்குக்குண்டு அவருடைய சைக்கிள் ஹாண்டிலில் சும்மா தொங்கும். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் ஒருதரம் பார்ப்பார். அவருக்கு அதுதான் அளவு.

அப்படி வைத்த யன்னல் அறைப்பக்கம் சரிந்து நின்றது. முதல் மாரியிலேயே கைக்குழந்தையின் பாய் நனைந்துவிட்டது. ஆளனுப்பிக் கூப்பிட்டேன்.

"அண்ணை, தண்ணி முழுக்க உள்ளுக்கு வருது. உந்த யன்னலைக் கழட்டி நேரா வையுங்கோ."

"யன்னலிலை பிழையில்லைப் பிள்ளை. மழைதான் சரிச்சு அடிக்குது."

நான் போட்ட சத்தத்தில் யன்னலை நெம்பிக் கழட்ட அலவாங்கை எடுத்தார். சீமேந்து எங்கே என்று கேட்டேன்.

"முதல்லை கழட்டுவம். சீமேந்து நாளைக்கு வாங்கலாம்."

மறுநாள் கடைகளில் சீமேந்து இல்லை. சண்டையைச் சாட்டி அரசாங்கம் கொழும்பிலிருந்து சீமேந்து வராமல் தடை போட்டுவிட்டது. மேசனாரையும் காணவில்லை. சுவரில் ஆள் நுழைகிற ஓட்டை. அதில் பின்னிய தென்னோலைக் கிடுகை வைத்துக் கட்டி, பாம்புக்கும் கள்ளனுக்கும் பயந்து இரண்டு மாரியைக் கழித்தோம்.

பிறகு ஒருநாள் தானாகவே சைக்கிளில் வந்து இறங்கினார். நான் வாய் திறக்க முன்னம் கிடுகை விலக்கி, இடக்கண்ணை மூடினார்.

"ஓட்டை நேராத்தான் கிடக்கு, பிள்ளை."

ஹாண்டிலில் கிடந்த தூக்குக்குண்டைப் பறித்து நானே பிடித்துப் பார்த்தேன். ஓட்டை நூல் பிசகாமல் நேராகத்தான் இருந்தது. அந்த ஆத்திரம்தான் எனக்கு இன்னும் அடங்கவில்லை.