மகளின் கண்ணில் சுண்ணாம்பு

வெற்றிலைத் தட்டத்தைக் கண்டால் நான் எழுந்து போய்விடுவேன். அதைப் பார்த்து எங்கள் சொந்தக்காரர் சிரிப்பார்கள். யானை வந்து வயல் வட்டையை மிதித்துவிட்டுப் போன மறுநாளும் அந்த வரம்பால் தனியே நடந்து பள்ளிக்கூடம் போனவள், சுண்ணாம்புக்குப் பயப்படுகிறாளாம். சிரிக்கட்டும். அன்றைக்கு அவர்கள் யாரும் என் இடத்தில் நிற்கவில்லை.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அமிலம், காரம் என்கிற மூலம், உப்பு என்ற பாடம் வருடா வருடம் என் வாயால் போய் வரும். எங்கள் வீடு பழுகாமத்துப் பக்கம், கடலோடு சேருகிற உப்பு வாவிக்கு மிகக் கிட்ட. அந்த முறை வெயில் கொளுத்தியதில் வாவித் தண்ணீர் நிலத்துக்குள் ஏறி, எங்கள் கிணறு உவர்த்துப் போயிருந்தது. குழாயில் விடியற்காலையில் கொஞ்சம் தண்ணீர் வரும், அவ்வளவுதான்.

அன்று என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார். வந்தவருக்குத் தட்டம் வைத்தேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை, கடைச் சுண்ணாம்பு. இப்போது சுண்ணாம்பு சின்னப் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத்தான் வருகிறது. வெள்ளையாக, நீளமாக, அமுக்கினால் மெத்தென்று இருக்கும். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அந்த உருவத்தில் அவளுக்குத் தெரிந்த பொருள் உலகத்தில் ஒன்றுதான், ஐஸ் பக்கற். மூலையைப் பல்லால் கடித்து, இரண்டு கையாலும் பிதுக்கினால் இனிப்பாக வரும். நாங்கள் கலியாணக் கதையில் இருந்தபோது அவள் அதைத்தான் செய்தாள். பை கடித்த இடத்தில் கிழியாமல் மேல்பக்கம் வெடித்தது.

அலறல் கேட்டுத் திரும்பினேன். வலது கண் இருந்த இடத்தில் வெள்ளைக் களிதான் தெரிந்தது.

படித்த படிப்பு அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் தரவில்லை. அதுதான் என்னை முதலில் பயமுறுத்தியது. பெரும்பாலான அமிலங்கள் சதையைச் சுட்டால், சுட்ட இடம் உறைந்து தானே ஒரு தடுப்பாகிவிடும். மூலம் அப்படி நிற்காது. சதையில் உள்ள கொழுப்பைச் சவர்க்காரம்போல ஆக்கிக்கொண்டு உள்ளே உள்ளே இறங்கும். இதை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன். தெரியாத தாய்க்கு அது எரிவு. எனக்கு, நான் நிற்கிற ஒவ்வொரு விநாடியும் என் பிள்ளையின் கண் போய்க்கொண்டிருந்தது.

மச்சாள் குசினிக்குள் ஓடி, புளிச்சாறு வடிய வெட்டின தேசிக்காயோடு வந்தார்.

"புளி விடுவம் புள்ள, சுண்ணாம்பு முறிஞ்சிரும். நீங்கதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிற, ரெண்டும் சேர்ந்தா ரெண்டுட குணமும் போயிரும் எண்டு."

விறாந்தையில் நடக்கும் என் ரியூசன் வகுப்பை அவர் எப்போதோ காதில் வாங்கியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை இல்லை. சோதனைக் குழாயில் அது நடுநிலையாக்கல். உப்பும் நீரும் வரும், கூடவே சூடும் வரும். சோதனைக் குழாய்க்கு வலிக்காது.

"கண்ணுக்குக் கிட்டக் கொண்டு வந்தீங்களெண்டா உங்கட கையை முறிச்சுப் போடுவன்," என்றேன். மூத்த மச்சாளோடு நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தேசிக்காயை முற்றத்தில் எறிந்துவிட்டு, "அப்ப என்ன செய்யிற, சொல்லுங்க," என்றார். அந்தக் கேள்விக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

தண்ணீர். தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. குடத்தில் இருந்த நல்ல தண்ணீர் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு உவர்க் கிணறு. வெந்த கண்ணில் உப்புத் தண்ணீரை ஊற்றுவதா என்று கை ஒரு கணம் தயங்கியது. கறியுப்பு அமிலமும் இல்லை, மூலமும் இல்லை, கண்ணீரும் உப்புத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஊற்றினேன். மச்சாள் வாளி வாளியாக அள்ளித் தந்தார். பிள்ளை துடித்தாள். இமையை விரலால் விரித்துப் பிடித்தபடி, அவள் என்னைத் திட்டத் திட்ட ஊற்றினேன்.

கணவர் வட்டையிலிருந்து ஓடி வந்து ஓட்டோ பிடித்தார். பாலம் தாண்டிப் போகும் வழியெல்லாம் போத்தலால் ஊற்றிக்கொண்டே போனேன். "பயப்பிடாத, மருந்து போடுவாங்க," என்றார் அவர். சுண்ணாம்பை மாற்றுகிற மருந்து எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த போத்தலைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு இளம் பெண். மேசையிலிருந்து ஒரு சின்னத் தாள் துண்டை எடுத்து மகளின் கீழிமைக்குள் தொட்டார். பாசிச்சாயத்தாள்போல நிறம் காட்டுகிற தாள் அது. வகுப்பில் அந்த வகைத் தாள் நீலமாகி மூலம் இருப்பதைக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் மகளின் கண்ணைத் தொட்ட தாள் நீலமானது.

இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த வெள்ளைத் துகள்களைப் பஞ்சால் எடுத்தார்கள். சேலைன் விட்டுக் கழுவினார்கள். அதுவும் உப்புத் தண்ணீர்தான். மறுபடி தாள், மறுபடி நீலம். மறுபடி கழுவினார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை, அந்தத் தாளைத்தான் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு தாள் நீலமாகாமல் இருந்தது. டொக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இனிச் சுண்ணாம்பு இல்ல. பார்வை எப்பிடி எண்டு இப்ப சொல்ல ஏலாது, அம்மா."

கண் பிழைத்தது. கருவிழியின் ஓரத்தில் மெல்லிய தழும்பு மட்டும் மிஞ்சியது. அது வளரவும் கூடும், கவனமாகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் சீப்பால் தலை இழுக்கும்போது அவளுடைய இடக்கண்ணைக் கையால் பொத்தி, எதையாவது தூக்கிக் காட்டிக் கேட்பேன். சீப்பு, கரண்டி, பென்சில். அவள் சொல்லுவாள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கும். கணவர் எரிச்சல்பட்டார், நான் கேட்கவில்லை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். அழுகிற பிள்ளை இல்லை, பயந்த பிள்ளையும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். போன கிழமை ஒரு காலை, நான் அடுப்படியில் நின்றபோது அறைக்குள் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் தனியாகச் சுவருக்கு முன் நின்றாள். இடக்கண்ணைத் தன் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, கலண்டரில் உள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தாள். சின்ன எழுத்துகளுக்கு வந்ததும் நிறுத்தி, மூச்சுவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

என்னைக் கண்டதும் கையை எடுத்தாள்.

"இண்டைக்கும் தெரியுதம்மா," என்றாள், எனக்கு ஆறுதல் சொல்லுகிறவள்போல.