தலையாட்டிய திருஷ்டி பொம்மை

பெரம்பலூரில் நான் வீடு கட்டியபோது, மாடிக்குத் திருஷ்டி பொம்மை வேண்டுமென்று மேஸ்திரி கேட்டார். பழைய பேண்ட் சட்டைக்குள் மக்காச்சோளத் தட்டையைத் திணித்து, தலைக்கு மண்சட்டி கவிழ்த்து, மீசை வரைவார்களே, அது.

எனக்குச் சுருக்கென்றது. உலகத்துப் பேய்ப் படம் ஒன்று விடாமல் பார்த்தவன் வீட்டில் சட்டிப் பேயா? ஜப்பான் பேய்க்கும் நம்மூர்ப் பேய் போலவே கால் கிடையாது. சீனத்துப் பிணம் குதித்துக் குதித்து வரும். அரபு நாட்டில் கல்லறையைத் தோண்டிப் பிணம் தின்னும் கூல் என்றொரு ஜந்து உண்டென்று, துபாயிலிருந்து திரும்பிய லப்பைக்குடிக்காட்டு நண்பர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். நான் ஆன்லைனில் அழுகிய கன்னத்தோடு ஒரு வெளிநாட்டுப் பிணமூஞ்சி முகமூடியை வரவழைத்தேன்.

மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேயா சார் இது? பல்லுவலிக்காரன் மாதிரில்ல இருக்கு."

சட்டைக்கு, ஊரே என்னை அடையாளம் காணும் நீலக் கட்டம்போட்ட சட்டையை மனைவி சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தாள். முகமூடிக்குப் பின்பக்கம் இல்லாததால் என் குரங்குக் குல்லாவையும் மாட்டினார்கள். அரியலூர் போகும் சிமெண்ட் லாரிக்காரர்கள் கண்தான் பெரிய கண் என்று, ரோட்டைப் பார்த்து நிறுத்தினோம். முதுகு பக்கத்து வீட்டுக்கு. யாரும் பயப்படவில்லை, சித்தாள் அக்கா அதன் கழுத்தில் சாப்பாட்டுப் பையை மாட்டினார்.

அடுத்து மாடிக்கு மேல்தளம் போட வேண்டும். கலவை மெஷின் வர வேறு வழியில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் காலி மனை வழியாகத்தான் வர வேண்டும். மாட்டுத்தீவனக் கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர். ஆள், கம்பி, ஜல்லி எல்லாம் தயார். தளம் போடுவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு வார்த்தை சொல்லப் போனேன்.

"மெஷின் வராது. வேற வழி பாத்துக்குங்க."

என்னங்க தப்பு என்றேன்.

"போன மாசம் எம் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குக் கூப்புட்டேன்ல? கார்ல ஏறுற அவசரத்துல கீழேர்ந்து கத்துனேன். மாடியில நின்னுகிட்டு தலைய தலைய ஆட்டுனீங்க. வந்தீங்களா?"

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லீங்க!"

"இந்தச் சட்டை எனக்குத் தெரியாதா?"

கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். நீல முதுகைப் பார்த்தார். முன்னால் போய் முகத்தைப் பார்த்தார். கீழே பாதமில்லாமல் தொங்கும் பேண்ட் கால்களைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மார்கழிக் காற்று அடிக்க, பொம்மை பணிவாகத் தலையாட்டியது.

அவர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எனக்கு அப்பவே தோணியிருக்கணும். நீங்க என்னைக்குங்க ஒரு ஆளுக்குத் தலையாட்டியிருக்கீங்க?"

சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் மெஷின் வர வேண்டுமே. நானும் சிரித்துவைத்தேன். மறுநாள் தளம் போட்டாயிற்று.

குடிபுகுந்த பிறகு ஒருநாள் காலை, மகள் கல்யாணப் பத்திரிகையோடு தம்பதியாக வாசலில் நின்றார்கள். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "வாங்க வாங்க, கட்டாயம் வந்துடுறேன்!" என்று கழுத்து வலிக்கத் தலையாட்டினேன்.

"தலையாட்டுறதெல்லாம் செல்லாதுங்க. எறங்கி வாங்க" என்றார்.

வேட்டியைத் தடுக்கிவிடாமல் பிடித்துக்கொண்டு ஓடினேன். தாம்பாளத்தை நீட்டும் முன் அவர் குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டார்.