கால் நனையாதவனுக்கு முட்டை இல்லை

நான் மதுக்கடையின் சன்னலைத் திறப்பதற்குள் யோலான் ஒரு முறை அக்கரைக்குப் போய்த் திரும்பியிருப்பாள். பழைய பச்சை சைக்கிள், பின்னால் ஒரு கூடை, கூடைக்குள் ஒன்றும் இருக்காது. பாலத்தின் நடுவே ஆளெண்ணும் கம்பம் ஒன்று இருக்கிறது. யார் கடந்தாலும் அது 'டிக்' என்று சொல்லும். அக்கரையைத் தொட்டதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவாள். மறுபடி ஒரு டிக்.

"காலங்காத்தால எங்கடி போற?" என்று கேட்டால் நிற்கக்கூட மாட்டாள். "எங்கேயும் போகல ரோஸி. எந்திரத்துக்குத் தீனி போடுறேன்."

எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர், கணக்கர், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவர் எல்லாம் அவள் ஒருத்திதான். தலைவர் அவள் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். எந்தக் குறையைச் சொல்லிக்கொண்டு போனாலும் அவளிடம் ஒரே பதில்: "அதுக்குன்னு ஒரு நிதி இருக்கும், எழுதிப் போட்ருவோம்." தேவாலயக் கூரை ஒழுகினாலும் அதுதான், கிணற்றுமோட்டார் நின்றாலும் அதுதான். என் கணவர் குறட்டை விடுகிறார் என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன். "அக்கரைக்காரன் ஒருத்தனும் குறட்டை விட்டா சேர்த்துக் கேட்டுப் பாக்கலாம்டி" என்றாள் சிரிக்காமல்.

சேர்த்துக் கேட்பதில்தான் சூட்சுமம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹங்கேரி, அந்தப் பக்கம் ஸ்லோவாக்கியா. எல்லையின் இரு பக்கத்து ஊர்களும் கைகோத்துக்கொண்டு போய் நின்றால்தான் அந்த நிதி கிடைக்கும். போரில் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக, நடக்கவும் சைக்கிள் விடவும் ஒரு மரப்பாலம் இப்படித்தான் வந்தது. அக்கரைத் தலைவர் காஷ்பாரும் யோலானும் சேர்ந்து வாங்கியது. பாலத்தின் தூண், விளக்கு, பெஞ்சு எல்லாவற்றிலும் விதிப்படி, நிதி கொடுத்தவர்களின் அடையாளமான, நீலத்தில் நட்சத்திரம் போட்ட ஒட்டுத்தாளை அவளே ஒட்டினாள். மிச்சமான ஒன்றைத் தன் சைக்கிளிலும் ஒட்டிக்கொண்டாள்.

ஆனால் பணம் கொடுத்தவர்கள் சும்மா கொடுக்கவில்லை. ஐந்து வருடத்துக்குள் இத்தனை பேர் கடப்பார்கள் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். குறைந்தால் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஊரில் திருப்பித் தர என்ன இருக்கிறது? குழந்தைகள் பள்ளியைத்தான் மூட வேண்டும். பள்ளி போனால் இளசுகள் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விடுவார்கள். பிறகு யாருக்கு நான் சாராயம் ஊற்றுவது?

அந்த எண்ணிக்கையைப் போட்டவளும் யோலான்தான். அதில்தான் கோட்டைவிட்டாள். பாலம் வருவதற்கு முன்பு ஒரு ஈஸ்டர் திங்கள்கிழமை கரையில் உட்கார்ந்து, ஆற்றில் இறங்கிக் கடக்கும் ஆண்களையெல்லாம் தலை எண்ணிச் சேர்த்துவிட்டாள்.

அன்று ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். நாங்கள் வண்ணம் பூசிய முட்டையும் ஒரு வாய் பழச்சாராயமும் கொடுப்போம். எல்லையில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்ற காலத்திலேயே இரு கரைப் பையன்களும் அன்றைக்கு மட்டும் ஆற்றில் இறங்கிக் கடந்தார்கள். சிப்பாய்கள் அந்த நேரம் பார்த்துச் சிகரெட் பற்றவைக்கத் திரும்பிக்கொள்வார்களாம். அன்று தொடங்கி எங்களுக்கு ஒரு சட்டம்: ஆற்றுத் தண்ணீரில் கால் நனைந்து வந்தவனுக்குத்தான் முட்டை.

பாலம் திறந்த பிறகும் எவனும் அன்றைக்குப் பாலத்தில் ஏறவில்லை. எப்படி ஏறுவான்? நாங்கள் வாசலில் நின்று முதலில் பார்ப்பது கால்சட்டையைத்தானே!

"பாலம் இல்லாததாலதான் நனையுறானுங்கன்னு நெனச்சுட்டேன் ரோஸி" என்று யோலான் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள் பேசுகிற பேச்சா இது!

அப்போது பிடித்ததுதான் இந்தச் சைக்கிள். வெயில், பனி எதற்கும் நிறுத்தவில்லை. ஒருமுறை வாத்துக்கூட்டத்தை ஓட்டிப் பார்த்தாள். கம்பம் ஏமாறவில்லை. கரைக்கு வரும் காஷ்பார் கேலி செய்வார், "யோலி, கம்பத்துக்கு அஜீரணம் ஆயிடப்போகுது!" அவளும் விடமாட்டாள், "நீங்க ரெண்டு தரம் நடந்தா தொப்பையாவது குறையும் தலைவரே!" மனைவியை இழந்த மனிதர். கேலி செய்தாலும் நாள் தவறாமல் நடந்து கொடுப்பார்.

அப்படியும் ஐந்தாம் வருடம் முடியும் தறுவாயில் ஒரு ஈஸ்டர் கூட்டம் அளவுக்குக் குறைந்தது. மிச்சம் இருந்ததும் ஒரு ஈஸ்டர்தான். யோலான் சாப்பாட்டை விட்டாள். கண்ணெல்லாம் குழிவிழுந்து போயிற்று.

அந்த ஈஸ்டருக்கு முந்தைய வாரம் கடைக்கு வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "ரோஸி, உன் பேச்சைத்தான் பொம்பளைங்க கேப்பாங்க. கால் நனைஞ்சிருந்தா போதும்தானே? ஆத்துலதான் நனையணுமா?"

"ஆத்துத் தண்ணியா இருக்கணும்."

"ஆத்துத் தண்ணிதான். ஆனா ஆத்துக்குள்ள எறங்கணுமா?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. "வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

திங்கள் காலையில் பார்த்தால் பாலத்தின் இரண்டு முனையிலும் வரிசையாக வாளிகள். இந்த முனையில் யோலான், அந்த முனையில் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு காஷ்பார். நல்ல கால்சட்டை போட்டுக்கொண்டு ஆற்றை நோக்கி வந்தவர்களை வழிமறித்து, "மேல ஏறு, மேல ஏறு" என்று துரத்தி, முழங்காலுக்குக் கீழே சளார் சளாரென்று ஊற்றினார்கள். கிழவர் ஒருவர் முறைத்தார்.

"இது ஆத்துத் தண்ணிதானா?"

"குடிச்சுப் பாருங்க!" என்றாள் யோலான்.

அக்கரையிலிருந்து முதலில் என் வாசலுக்கு வந்தவன் டிராக்டர் ஓட்டும் பையன் பாலிண்ட். தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவன் காலைப் பார்த்தேன். கால்சட்டை சொட்டிக்கொண்டிருந்தது, காலணிக்குள் தண்ணீர் சளக் சளக்கென்றது. பாவம், பல் தந்தியடித்தது. பாலத்தில் யோலான் வாளியும் கையுமாகச் சிலைபோல் நின்று இந்தப் பக்கமே பார்த்தாள்.

சிவப்பு முட்டையை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு பாலம் ஓயவில்லை. போகிறவர்கள், வருகிறவர்கள், அந்த வேடிக்கைக்காகவே திரும்பப் போய் நனைந்து வருகிறவர்கள். கம்பம் டிக் டிக்கென்று புலம்பித் தள்ளியது. சாயங்காலம் அதன் சின்னத்திரையில் வேண்டிய எண் தாண்டியதும் யோலான் ஈரப்பலகையில் அப்படியே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், மறுபடி சிரித்தாள். "பள்ளிக்கூடம் தப்பிச்சது ரோஸி" என்றாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன? காஷ்பார் காலி வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, "இனி காலைல நிம்மதியாத் தூங்கு யோலி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்ததை நான் கவனித்தேன்.

மறுநாள் செவ்வாய், ஆண்கள்மேல் பெண்கள் ஊற்றும் முறை. சன்னலைத் திறந்தேன். பச்சை சைக்கிள் அலுவலகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. தூங்குகிறாள், நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். பிறகுதான் கண்ணில் பட்டாள். பாலத்துக்குப் பக்கத்திலேயே, பழைய இறங்குதுறையில், காலணிகளை நாடாவால் முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கையில் ஒரு வாளி.

அக்கரையில் ரொட்டி வாங்க வந்த காஷ்பார் அவளைப் பார்த்துவிட்டார். "ஏ யோலி! அதான் பாலம் இருக்கே!"

அவள் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். நடுவில் ஒரு கணம் நின்று, குனிந்து, வாளியை விளிம்பு வரை முக்கி எடுத்துக்கொண்டாள்.