ஜெர்மனியில் எனக்கு மாட்டிய போர்டு

போன மாசம் ஒரு திங்கட்கிழமை காலை. ஜெர்மனியில் நான் தங்கியிருந்த வீட்டின் கதவைத் திறக்கிறேன்... வெளிப்பக்கம் கைப்பிடியில் ஒரு போர்டு தொங்குகிறது!

அழகான மரப்பலகை. ஓரமெல்லாம் பூ வேலை. நடுவில் கொட்டை எழுத்தில் ஏதோ ஒரு ஜெர்மன் வார்த்தை. எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தேன். இல்லை. மாடிப்படியில் எட்டி, கீழ் வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. எனக்கு மட்டும்தான்.

உத்திரமேரூர்க்காரன் என்ன நினைப்பான், சொல்லுங்கள்? கல்யாணமோ, காதுகுத்தோ, கட்சிப் பதவியோ — நம் பக்கத்தில் ஒருத்தருக்கு போர்டு வைத்தால் அது மரியாதை. வேறு அர்த்தமே கிடையாது. கடல் தாண்டி வந்திருக்கும் பெரிய மனுஷனை வரவேற்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். போன் கேமராவைக் காட்டினால் தமிழில் அர்த்தம் சொல்லியிருக்கும். ஆனால் வந்த மரியாதையை யாராவது சரிபார்ப்பார்களா?

போர்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரு செல்ஃபி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். 'ஜெர்மன்காரங்க வாசல்ல போர்டு மாட்டி கௌரவம் பண்ணிட்டாங்க!'

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். காரணம் என் மனைவி கோமதி. ரிட்டையர் ஆனதும் தனியாக ஒரு வெளிநாடு போய் வரணும் என்று கிளம்பியபோது, பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"தனியா போயி இன்னா பண்ணப் போறீங்க? காபி குடிச்ச டம்ளரைக் கழுவி வெச்சதில்ல. துடைப்பம் எங்க கீதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"துடைப்பம் தேடிக்கினா ஜெர்மனி போறேன்?" என்றேன் நான். கெத்தாகத்தான் சொன்னேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. அவள் உதவி இல்லாமல் இருந்து காட்டணும். அவள் வாயால் ஒரு 'பரவாயில்லையே' வாங்கணும். இந்தப் பயணத்தில் எனக்கு வேறு லட்சியம் கிடையாது.

அந்த செல்ஃபிக்கு வந்தது பாருங்கள் பதில்! 'சூப்பருங்க' என்று கோமதியே போட்டிருந்தாள். கூடவே அவள் தம்பி ஏகாம்பரம் போன் பண்ணினான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான்.

"மாமா, கலக்கிட்ட மாமா! ஊருக்கே காட்டணும். அந்த போட்டோவை கிளியரா இன்னொரு தபா அனுப்பு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் இரண்டு போட்டோவாக அனுப்பினேன்.

அந்த வாரம் முழுக்க நான் நடந்த நடையே வேறு. தெற்கு ஜெர்மனியில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர் அது. நடுவில் ஆறு. ஆற்றங்கரையில் கட்டம் போட்ட லுங்கியை விரித்துக் காயப்போட்ட மாதிரி, மரச்சட்டம் வைத்துக் கட்டிய பழைய வீடுகள். மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை! நடவு முடிந்த எங்கள் பக்கத்துப் பெருநகர் கிராமத்து வயலைப் பார்த்தவன் நான். சும்மா மயங்கிவிட மாட்டேன். இருந்தும் மயங்கினேன்.

காட்டுக்குள் நடக்கப் போனால் முன்பின் தெரியாதவரெல்லாம் வணக்கம் சொல்கிறார்கள். அதே ஆள் கடைத்தெருவில் எதிரே வந்தால் யாரோ எவரோ என்று போகிறார். காட்டில் மட்டும்தான் உறவு போல! ரோட்டைக் கடக்க சிவப்பு விளக்கு எரிந்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாவிட்டாலும் நிற்கிறார்கள். நானும் நின்றேன். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கினேன். அதைக் கடிப்பதற்குள் எங்கள் ஊர் டவுன் பஸ் சாலவாக்கம் போய்த் திரும்பிவிடும்.

நான் தங்கியிருந்தது என் அக்கா பையன் தினேஷ் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீடு. கம்பெனி வேலையாக அவன் சீனாவுக்குப் போயிருந்தான். அங்கே வாட்ஸ்அப் வேலை செய்யாதாம். போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான்.

"மாமா, இந்த வீட்டுக்கு நாயா அலைஞ்சேன். கீழ கீற ஹில்டா அம்மாதான் ஓனர். அவங்க மனசு கோணாம பார்த்துக்கங்க."

கோணுவதாவது! படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஹில்டா அம்மா தலையைக் குனிந்துகொள்வார். படியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி படியைப் பார்ப்பார். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று நான் நெகிழ்ந்தே போனேன்.

சனிக்கிழமை காலை காலிங் பெல் அடித்தது. ஹில்டா அம்மா. கையில் துடைப்பம்.

கதவில் தொங்கிய போர்டைத் தட்டினார். மாடிப்படியைக் காட்டினார். துடைப்பத்தை என் கையில் திணித்தார். பெருக்குகிற மாதிரி சைகை வேறு. பிறகு தெளிவான இங்கிலீஷில் சொன்னார் — இந்த வாரம் உங்கள் முறை, இன்றோடு வாரம் முடிகிறது.

அந்தப் பக்கத்தில் அது வழக்கமாம். மாடிப்படியை வாரத்துக்கு ஒரு குடும்பம் முறை வைத்துப் பெருக்கணும். யார் முறையோ அவர்கள் கதவில் போர்டு தொங்கும். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் நான் செல்ஃபி எடுத்திருக்கிறேன்!

அவமானத்தை விழுங்கிக்கொண்டு பெருக்கினேன். அத்தோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? வெறுமனே பெருக்கிவிட்டுப் போனால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கோமதி எப்படிச் செய்வாள் என்று யோசித்தேன். பக்கெட் நிறைய தண்ணீர் பிடித்தேன். மேல்படியில் நின்று... ஒரே ஊற்று.

நம் வீட்டில் மூலையில் ஓட்டை இருக்கும், தள்ளினால் தண்ணீர் போய்விடும். அங்கே ஓட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. படிகள் எல்லாம் பாலிஷ் போட்ட மரம்! ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீர் இறங்கி, நேராக ஹில்டா அம்மா வீட்டு வாசலுக்குள் போனது. அவர் போட்ட சத்தத்தில் தினேஷின் வீடு என் கண்முன்னே கைநழுவிப் போவது தெரிந்தது.

யாரைக் கூப்பிடுவேன்? வீடியோ காலில் கோமதியைத்தான் கூப்பிட்டேன்.

"இன்னாங்க இது, வூட்டுக்குள்ள மழையா?"

"ஏன்னு அப்புறம் கேளு. மரப்படி. தண்ணி ஊத்திட்டேன். இன்னா பண்றது?"

அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை அவள். "பழைய துண்டு எடுங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. பியிஞ்சிட்டு மறுபடி ஒத்துங்க. மேல இருந்து கீய வாங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க!"

ஒத்தினேன். பிழிந்தேன். போன் படியில் சாய்ந்திருந்தது. ஹில்டா அம்மா ஹேர் டிரையரோடு வந்து உட்கார்ந்தார். கோமதி தமிழில் திட்ட, அவர் ஜெர்மனில் திட்ட, இரண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் தலையாட்டிக்கொண்டார்கள். என் பெண்டாட்டிக்கு வெளிநாட்டில் ஒரு சிநேகிதி கிடைத்ததே அப்படித்தான்.

படி பிழைத்தது. வீடும் பிழைத்தது. கடைசியில் ஹில்டா அம்மா அந்த போர்டை எடுத்து வந்து போனுக்கு நேரே பிடித்தார். அதைக் காட்டி, துடைப்பத்தைக் காட்டி, என்னைக் காட்டினார்.

கோமதி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஓகோ... இதானா அந்த கௌரவம்?"

சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு! சட்டென்று நிறுத்தினாள். "ஐயையோ, ஏகாம்பரம் காலையிலயே ஃப்ளெக்ஸ் மாட்டிட்டானே!"

ஆமாம். 'ஜெர்மன் மக்கள் வாசலில் பலகை மாட்டி கௌரவித்த எங்கள் மாமா' என்று ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறேன். இன்றைக்கும் நிற்கிறேன், பஸ் ஸ்டாண்டில் போய்ப் பாருங்கள். ஊர் திரும்பியதிலிருந்து டீக்கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து கும்பிடுகிறார்கள். அந்தப் பலகையில் இருப்பது படி பெருக்கும் முறை என்று ஊரில் கோமதி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சனிக்கிழமை காலையானால் மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "ஏகாம்பரத்துக்கு ஒரு போன் போடலாம்னு கீறேன்..."

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டைப் பெருக்குவேன்.

எத்தனை நாளைக்குத்தான் இப்படி மிரண்டுகொண்டு கிடப்பது? மானம் போனாலும் பரவாயில்லை என்று நானே ஊரறிய எழுதிவிட்டேன். இனிமேல் மிரட்ட அவளிடம் என்ன இருக்கிறது? பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் ஜம்பமாக அவளிடமே படிக்கக் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்தாள். பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதிக்கீறீங்க. அதான் ஊருக்கே தெரியப் போவுதே... இனிமே கதவைச் சாத்த வேணாம். வாசலையும் சேர்த்துப் பெருக்கிடுங்க."